மூடாத புள்ளி

— முடியாதுன்னா முடியாது, புருல். நாலு மணிக்கு அச்சகத்து வண்டி வந்துடும். கையேடு மொத்தமும் கட்டி வச்சாச்சு. இப்பப் போய் முப்பத்தொண்ணாம் பக்கத்தை மாத்துன்னா நான் எங்கே போய் முட்டிக்கிறது?

— பக்கத்தை மாத்தச் சொல்லலை ரூடி. விதியை மாத்தணும்ங்கறேன். விதி மாறினா பக்கம் தானா மாறும்.

— அம்மா தாயே! பதினோரு வருஷமா நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து கட்டின மொழி இது. கூட்டுப்பண்ணைக் குமாஸ்தாகூட ஒரு வாரத்துல கத்துக்கிட்டு மிஷினுக்கு வேலை சொல்லணும், அவ்வளவு எளிசா இருக்கணும்னு நீதான் ஒத்தைக் கால்ல நின்னே. அதுலயும் இந்தக் குறிப்பு விஷயத்துல நீ போட்ட சண்டை எனக்கு மறக்குமா? மனுஷன் படிக்கிறதுக்குன்னு ஒரு வரி எழுதணும், மிஷின் அதைப் படிக்காமத் தாண்டிப் போகணும். அதுக்கு நான் எத்தனை அடையாளம் சொன்னேன்! எதுவும் வேண்டாம், ஓட்டை குத்தற கார்டோட முதல் கட்டத்துல ஒரே ஒரு புள்ளி, புள்ளி இருக்கிற கார்டை மிஷின் ஏறெடுத்தும் பார்க்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?

— நான்தான்.

— நல்லாத்தான் இருந்தது. நானும் ஒத்துக்கிட்டேன். மொத்த மொழியிலயும் அழகான இடம் அதுதான். அதை இப்ப உடைக்கணுங்கறே.

— உடைக்க இல்லை. மூடறதுக்கு ஒரு குறி வேணும். ஒரு புள்ளி திறக்கட்டும், ரெண்டு புள்ளி மூடட்டும்.

— எவனாவது திறந்துட்டு மூட மறந்துட்டா? அதுக்கப்புறம் வர்ற கார்டு அத்தனையும் குறிப்புன்னு நினைச்சு மிஷின் விழுங்கிடும். பட்டிக் கதவைத் திறந்து போட்டா ஒரு ஆடா வெளியே போகும்? மந்தையே போகும்.

— மூடவே வழியில்லாத கதவு அதைவிட மோசம்.

— ம்மா, மாமாகிட்ட நேராச் சொல்லிடும்மா. சுத்தி வளைக்காதே. நேரம் போகுது.

— சும்மா இருடா. சொல்லிக்கிட்டுதானே இருக்கேன்.

— என்னையா 'டா' போடறே?

— உன்னை இல்லை ரூடி.

— அப்ப மிஷினையா? திட்டு, நல்லாத் திட்டு. ரெண்டு மாசமா என் உயிரை வாங்குது. படைச்சேர்ப்பு ஆபீஸ் பட்டியல்தான் நம்ம மொழியில ஓடற முதல் பெரிய வேலை. நானூத்திப் பன்னண்டு பையன்க. கார்டும் நானூத்திப் பன்னண்டு, நானே எண்ணிட்டேன். ஓட்டினா நானூத்திப் பதினொரு வரிதான் அச்சாகுது. எத்தனை தடவை ஓட்டினாலும் ஒண்ணு குறையுது. எல்லாம் இந்த பாப்ளர் மரத்துப் பஞ்சுதான். ஜூன் வந்தா இந்த ஊரே வெள்ளையாப் போயிடுது. ஜன்னலை மூடினா வேகுது, திறந்தா பஞ்சு வந்து கார்டு ரீடர்ல அடைச்சுக்குது.

— பஞ்சு இல்லை.

— வேற என்ன?

— அந்த ஒரு கார்டுல நான் புள்ளி வச்சேன். ஏப்ரல் மாசம், முதல் தடவை ஓட்டறதுக்கு முன்னாடி.

— ...என்ன சொல்றே நீ?

— எங்க மேல் வீட்டு ஜைனகுல் பையனை மார்ச்ல துத்தநாகச் சவப்பெட்டியில கொண்டாந்து இறக்கினாங்க. ஆப்கன்லேர்ந்து. பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. அவ வெளியில இருந்தே தடவித் தடவிப் பார்த்தா, தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம்னு. நாப்பது நாளும் அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தேன், மேல நடக்கிற சத்தம். அப்புறம் ஒரு நாள் வேலைக்கு வந்தா, என் மேஜையில அடுத்த பட்டியல் கார்டுக் கட்டு. பிரிச்சுப் பார்த்தேன். முன்னூத்தி ஏழாவது கார்டு என் பையன்.

— புருல்.

— நான் என்ன பண்ணியிருக்கணும்? சொல்லு. ஒரு புள்ளிதானே, வச்சேன். மிஷின் அவனைத் தாண்டிப் போச்சு. இன்னைக்குக் காலையில சார்ஜன்ட் வந்து பட்டியலை எடுத்துட்டும் போயிட்டான், இனி அவனைப் படைக்குக் கூப்பிட மாட்டாங்க.

— புருல், கொஞ்சம் உட்காரு. தண்ணி குடி. இத்தனை வருஷத்துல நான் இதைப் பத்தி உன்கிட்டப் பேசினதே இல்லை. பேசறது மரியாதையும் இல்லை. ஆனா... உனக்குப் பிறந்தது மூணு. மூணும் தொட்டில்லயே போயிடுச்சு. உனக்குப் பையன் இல்லைம்மா.

— பார்த்தியா. நீயும் சொல்லிட்டே.

— சும்மா சொல்லக்கூடாது, மாமா ரொம்ப மெதுவாத்தான் சொன்னார். ஷாமில் வீட்டுல இதைவிட மோசம். நான் நடுக்கூடத்துல நிக்கிறேன், அவன் என்னைத் தாண்டி நடந்து போய்க் கதவைச் சாத்திட்டான். ஒண்ணாம் வகுப்புலேர்ந்து கூட்டாளி.

— ரூடி, என் பையன் இப்ப உன் சதுரங்கப் பலகைக்கு எதிர்ல உட்கார்ந்திருக்கான். அந்த நாற்காலியில.

— அந்த நாற்காலியில உன் கோட்டு கிடக்குது.

— கோட்டு மேல உட்கார்ந்திருக்கான். எழுந்திருன்னா கேக்கமாட்டான். இரு, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பலகையில ஆட்டம் பாதியில நிக்குது. வெள்ளை நீ. கறுப்பு யாரு?

— கறுப்பும் நான்தான். தனியா ஆடறேன்.

— உன்னை நீயே ஜெயிக்கறதுக்கு ரெண்டு மாசமா யோசிக்கிறியா?

— அது... ஒருத்தன் வந்து ஆடறேன்னு சொல்லியிருந்தான்.

— யாரு?

— யாரோ. வரலை. ஆளு மறந்துபோச்சு, விடு.

— மாமாவோட ராணிக்கு ஆபத்து இருக்கு, கவனிக்கலை. ம்மா, நான் குதிரையை நகர்த்தறேன், பாருங்கன்னு சொல்லு.

— ரூடி, பலகையைப் பாரு.

— என்ன இருக்கு அதுல? ...இந்தக் குதிரை இங்கேயா இருந்தது?

— எங்கே இருந்தது?

— ராஜாவுக்குப் பக்கத்துல. நான் இன்னைக்குக் காலையிலகூட... காத்தா இருக்கும். இந்த ஜன்னல் ஒரு பக்கம்.

— காத்து ரெண்டு கட்டம் நேரா, ஒரு கட்டம் பக்கவாட்டுலயா வீசும்?

— விளையாடாதே புருல். எனக்குப் பிடிக்கலை இது.

— எனக்கும் பிடிக்கலை. இந்தா, இந்தக் கார்டைப் பிடி. அவன் கார்டுதான். புள்ளி இல்லாமப் புதுசாக் குத்தியிருக்கேன். மூணு தடவை குத்தியாச்சு, மூணு தடவையும் மிஷின் தாண்டிப் போகுது. மேல என்ன எழுதியிருக்குன்னு படி.

— இது வெத்துக் கார்டு.

— வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. ஓட்டை இருக்கா?

— இருக்கு.

— அப்ப வெத்துக் கார்டு இல்லை. படி.

— ஜூமாலியெவ்... தெ... இந்தத் தேநீர் ஆறிப்போச்சே, சுட வைக்கவா?

— தேநீர் கிடக்கட்டும். படி.

— படிச்சேனே. ஜூமாலியெவ்... நாளைக்கு என் தங்கச்சி கரகாண்டாவுலேர்ந்து வர்றா, ஸ்டேஷனுக்குப் போகணும்.

— ரெண்டு தடவை நழுவிட்டே ரூடி. விரலை வச்சு ஓட்டையை எண்ணு. சத்தமா எண்ணு.

— ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... இந்தப் பஞ்சைப் பாரேன், மேஜையெல்லாம்.

— மூணாவது தடவை.

— ஐயோ. ஐயோ, புருல். என் கண்ணு அந்த இடத்துல நிக்கவே மாட்டேங்குது. ஈரச் சோப்பு மாதிரி வழுக்குது. இது என்ன கார்டு? எடு இதை, எடு.

— பயப்படாதே.

— பயப்படாம? கணக்கு கணக்குதான்னு நாப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்தவன் நான். அஞ்சு ஓட்டைக்கு மேல எண்ண முடியலைன்னா நான் பயப்படாம என்ன பண்ணுவேன்? எப்பலேர்ந்து இப்படி?

— முதல்ல பட்டியல்ல மட்டும்தான் இருந்தது. மருத்துவச் சோதனைக்குக் கூப்பிட்டு ஓலை வரலை. சந்தோஷப்பட்டேன். மறைக்க மாட்டேன், அன்னைக்குப் புலாவ் ஆக்கி அக்கம்பக்கத்துக்கெல்லாம் குடுத்தேன். ஒரு வாரம் கழிச்சு பஸ்ஸு நிக்கலைன்னான்.

— பஸ்ஸு மட்டுமாம்மா? ரொட்டிக் கடையில வரிசையில நிப்பேன், எனக்குப் பின்னாடி நிக்கிறவளுக்குக் குடுத்துட்டு அந்தம்மா கடையைச் சாத்திடும். ஆனா ஒண்ணு, சினிமாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். பத்து நாள் ஒரே ஜாலி. சம்சா வண்டியிலேர்ந்து கைவிட்டு எடுத்துத் தின்பேன், கேக்க நாதியில்லை. பத்து நாளைக்கு அப்புறம்தான்... எங்க பந்தாட்டத்துல இப்ப பத்துப் பேர்தான் ஆடறாங்க. ஓர் ஆள் குறையுதேன்னு ஒருத்தனும் சொல்லலை. ஜெயிச்சும்கூடத் தொலைச்சுட்டானுங்க.

— என்ன சொல்றான்?

— பந்தாட்டத்தைப் பத்திப் புலம்பறான். கேளு. முந்தாநாள் என் வீட்டுக்காரர் கேக்கறார், இந்தச் சின்னக் கட்டில் எதுக்கு வீட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது, தம்பி வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துடலாமான்னு. கட்டில்மேல இவன் படுத்திருக்கான், ரூடி. போர்வை மேலயும் கீழயும் ஏறி இறங்குது. அவர் அதுக்கு மேல தன் தொப்பியை வச்சுட்டுப் போனார்.

— அப்பா பாவம்மா. அவரைச் சொல்லிக் குத்தமில்லை.

— உன் வீட்டுக்காரர் சரி. நீ பார்க்கிறியே? உனக்குத் தெரியுதே?

— தெரியுது.

— அப்புறம் என்ன? உனக்குத் தெரியற வரைக்கும்...

— ம்மா, காலையில நடந்ததைச் சொல்லு.

— அதனால சொல்றேன் ரூடி, புள்ளி ஒண்ணு, மூடறது ரெண்டு. மிஷினுக்கு மொழிபெயர்க்கிற கம்பைலர்ல நாப்பது கார்டு மாத்தினாப் போதும், நான் எழுதியே கொண்டாந்திருக்கேன்.

— ம்மா. காலையில நடந்ததைச் சொல்லுன்னேன்.

— நாலு மணிக்குள்ள முடிச்சுடலாம். நீ ஓட்டற பக்கத்தைப் பார்த்துக்கோ, நான்...

— ம்மா! ம்மா, இங்கே பாரு!

— ஆங்? என்னடா? எத்தனை தடவை கூப்பிட்டே?

— மூணு.

— மூணு தடவையா? ஐயோ என் கண்ணே. ரூடி, கேட்டியா, மூணு தடவை கூப்பிட்டிருக்கான். இன்னைக்குக் காலையிலயும் இப்படித்தான். ரெண்டு கிண்ணம் எடுத்து வச்சுத் தேநீர் ஊத்திட்டேன், அவருக்கொண்ணு எனக்கொண்ணு. ரொட்டியைப் பிட்டு ரெண்டு பங்கு வச்சேன். வச்சுட்டு நிம்மதியா உட்கார்ந்து குடிச்சேன் ரூடி. நிம்மதியா! அரைக் கிண்ணம் காலியானதுக்கு அப்புறம் 'எனக்கு'ன்னு ஒரு குரல். யாருடா இது, யாரு வீட்டுப் பிள்ளைன்னு திரும்பிப் பார்த்தேன். பெத்த வயிறு. நானே மறந்துடுவேன். நாளைக்கோ நாளன்னைக்கோ நானும் தாண்டிப் போயிடுவேன். அப்புறம் அவனை யாரு கூப்பிடுவா?

— அழாதே. அழாதே புருல். எனக்கு ஒண்ணு புரியலை. நம்ம மொழியில ஒரு புள்ளி வச்சா மிஷின்தானே தாண்டணும்? ஊரே ஏன் தாண்டணும்?

— அந்தப் புள்ளியை நான் எங்கேருந்து எடுத்தேன்னு நினைக்கிறே? காகிதத்துலேருந்தா? மூணு பிள்ளை போனதுக்கு அப்புறம் இவன் பிறந்தான். அடுத்த வீட்டு அனார்பு வந்தா. இவனை ஜன்னல் வழியா அவகிட்ட வித்து, வாசல் வழியாத் திரும்ப வாங்கினோம், அடுத்த வீட்டுப் பிள்ளைன்னு சாவு நினைச்சுக்கட்டும்னு. பேரும் அப்படித்தான் வச்சோம், தெசெக்பாய். வறட்டின்னு அர்த்தம். வறட்டியைக் கேட்டு எவன் வீட்டுக்கு வருவான்? வெளியில தூக்கிட்டுப் போறப்போல்லாம் கொப்பரை அடியிலேருந்து கரி எடுத்து நெத்தியில ஒரு புள்ளி. புள்ளி இருந்தா எதுவும் அவனைப் பார்க்காது, தாண்டிப் போயிடும்.

— அதைக் கொண்டு வந்து மொழியில வச்சுட்டியா!

— சண்டை போட்டு வச்சேன். பாதியைத்தான் வச்சேன், அதுதான் தப்பு. வீட்டுக்குத் திரும்பினதும் வாசப்படியிலேயே அனார்பு அந்தப் புள்ளியைத் துடைப்பா. துடைச்சு, 'வந்துட்டான்'னு சத்தமாச் சொல்லிட்டுத்தான் உள்ளே விடுவா. துடைக்காம உள்ளே விட்டா வீடும் அவனைப் பார்க்காதுன்னு சொல்லுவா. வைக்கிறதை ஞாபகம் வச்சுக்கிட்டேன், துடைக்கிறதை மறந்துட்டேன். நம்ம மொழியில 'வந்துட்டான்'னு சொல்ல ஒரு குறி இல்லை.

— எங்க வீட்டுல இதெல்லாம் கிடையாது. எங்கப்பா பைபிளும் உருளைக்கிழங்கும் தவிர வேற எதையும் நம்பினவர் இல்லை.

— நீ நம்ப வேண்டாம். எழுது.

— எழுதறேன். குடு அந்த நாப்பது கார்டை. அச்சகத்துக்காரன் காத்திருக்கட்டும். ஏன்னா... ஒண்ணு சொல்லவா? ரெண்டு மாசமா மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் அந்தப் பலகைக்கு முன்னால போய் உட்கார்றேன். யாரோ வரணும். வரலையேன்னு நெஞ்சுல ஒரு கனம். யாருன்னு தெரியாம ஒருத்தனுக்காக ஏங்கறது எவ்வளவு கேவலமா இருக்கு தெரியுமா?

— மாமா! நான் தினமும் வந்தேன் மாமா. தினமும் எதிர்லயே உட்கார்ந்திருந்தேன்.

— தினமும் வந்தானாம்.

— சொல்லாதே. அங்கே ஒரு தப்புப் பண்ணியிருக்கே பாரு, இந்த வரியில... ம், சரி. ஏத்தறேன். ஜன்னலைச் சாத்து. ...ஏத்தியாச்சு. கம்பைலர் ஒத்துக்கிச்சு. இப்ப பட்டியல். அவன் கார்டுக்கு முன்னாடி ஒரு புள்ளிக் கார்டு, ஒரு ரெண்டு புள்ளிக் கார்டு. திறந்து மூடியாச்சு. ஓட்டறேன்.

— என்ன அச்சாகுது?

— பிழைன்னு துப்பிடுச்சு. 'நடுவில் ஒன்றுமில்லை'ங்குது. நான்தான் அப்படி எழுதி வச்சேன், திறந்த உடனே மூடினா அது குறிப்பில்லை, கைத்தவறுன்னு. நடுவுல எதையாவது குத்து.

— என்ன குத்தறது?

— எதையாவது. 'பஞ்சு'ன்னு குத்து.

— குத்தினேன். போடு.

— ஓடுது. நானூத்திப் பத்து, பதினொண்ணு. நின்னுபோச்சு. பதினொண்ணுதான் புருல்.

— துடைச்ச கரி சும்மா போகாது.

— என்ன?

— அனார்பு துடைச்சுட்டுக் கையைக் கழுவ மாட்டா. சிரிச்சுக்கிட்டே தன் நெத்தியில இழுத்துக்குவா. எனக்கென்ன, பிள்ளையா குட்டியாம்பா. அப்ப எனக்குப் புரியலை. வயசான காலத்துல அவளுக்குப் பென்ஷன் வரலை. ஆபீஸ்ல போய் நின்னா அவ பேரைப் படிக்கவே மாட்டாங்க. செத்துப்போய் எட்டு நாள் கழிச்சுத்தான் எனக்கே ஞாபகம் வந்தது, அடுத்த வீட்டுல ஒருத்தி இருந்தாளேன்னு.

— அப்ப ஒரு ஆள் பேரு குத்தணுமா நடுவுல? வேணும்னா என் பேரைக் குத்தேன். எனக்கென்ன, பொண்டாட்டியா பிள்ளையா. தங்கச்சி ஒருத்திதான், அவளும் என்னை மறந்தாச் சந்தோஷப்படுவா.

— ம்மா, வேண்டாம். உன் பையில மாமா பேரு குத்தின கார்டு இருந்தது. நேத்தே பார்த்துட்டேன். எடுத்துடாதேம்மா.

— அது இல்லை. கிழிச்சுட்டேன்.

— எதைக் கிழிச்சே?

— ஒண்ணுமில்லை ரூடி. நீ நல்லவன். எனக்குத்தான் நேத்து புத்தி கெட்டுப் போயிருந்தது. இந்தா, வேற கார்டு குத்திட்டேன். நடுவுல வை.

— யாரு பேரு இது?

— படிக்காதே. வை.

— ம்மா! ம்மா, அது உன் பேரு! மாமா, வாங்காதீங்க, அதை வாங்காதீங்க!

— கூச்சல் போடாதே தெசெக். நான் உன்னை மறந்துட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கவுத்துட்டு, நிம்மதியா உயிரோட இருக்கணுமா? அதைவிட இது தேவலை.

— நான் பரவால்லைம்மா. பழகிப்பேன். சத்தியமா.

— காலையில 'எனக்கு'ன்னு கேட்ட குரல்ல பழக்கம் தெரியலை. ரூடி, ஓட்டு.

— ஓட்டறேன், ஓட்டறேன். ரெண்டு பேரும் என்னமோ பேசிக்கிறீங்க, எனக்குப் பாதிதான் கேக்குது. ...நானூத்தி ஒம்பது, பத்து, பதினொண்ணு... பன்னண்டு! நானூத்திப் பன்னண்டு! கணக்கு கணக்குதான்! இதோ முன்னூத்தி ஏழாவது வரி, ஜூமாலியெவ் தெசெக்பாய். வழுக்கலை, கண்ணு நிக்குது! தெசெக்பாய்... தெசெக்! அடேய், நீ எப்படா உள்ளே வந்தே?

— மாமா... என்னைத் தெரியுதா?

— ராணியை மிரட்டிட்டுக் குதிரைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிற பயலை எனக்குத் தெரியாதா? ரெண்டு மாசமா எங்கேடா தொலைஞ்சே? வளர்ந்துட்டே. இளைச்சும் போயிட்டே.

— ம்மா! மாமா என்னைப் பார்க்கறார்!

— பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் கண்ணு. மாமா உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டேன்.

— உங்கம்மாவும் வந்திருக்காங்களா? வாசல்லயா நிக்கறாங்க? உள்ளே வரச் சொல்லுடா, நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்லை.

— விளையாடாதீங்க மாமா. புருல்கான். பதினோரு வருஷமா உங்ககூட வேலை பார்க்கறாங்க. இதோ, ஜன்னல் பக்கத்துல.

— ஜன்னல் பக்கத்துல பஞ்சு பறக்குது. பதினோரு வருஷமா இந்த அறையில நான் ஒத்தை ஆளாத்தான் மாரடிக்கிறேன். இந்தா, கையேட்டு அட்டையைப் பாரு, ஒரே பேருதான். இப்பக்கூட ஒரு புது விதி சேர்த்தேன், மூடற குறி. எனக்கு எப்படித் தோணுச்சுன்னே தெரியலை.

— கட்டைப் பிரிங்க மாமா! அந்தக் கார்டை எடுத்துடுங்க, அம்மா பேரு இருக்கிற கார்டு!

— எடுக்க விடாதே தெசெக். எடுத்தா நீ மறுபடியும் போயிடுவே. உனக்கு ரெண்டு மாசமா நடந்தது எனக்கு ஒரே மூச்சுல நடக்குது, அவ்வளவுதான்.

— எந்தக் கார்டுடா? நடுவுல ஏதோ ஒரு குறிப்பு இருக்கு. அது கிடந்தாக் கிடந்துட்டுப் போகுது. ஹார்ன் சத்தம் கேக்குதா? அச்சகத்து வண்டி வந்துடுச்சு.

— அது குறிப்பு இல்லை மாமா. அது வந்து... ம்மா, நான் ஒண்ணு...

— சொல்லு கண்ணு.

— என்னடா, ஜன்னலையே வெறிச்சுப் பார்க்கிறே?

— தெசெக். பைக்குள்ள சம்சா இருக்கு, ஆறறதுக்குள்ள சாப்பிடு. அப்பாவுக்கு மாத்திரை மறக்காமக் குடு. கட்டிலை யாருக்கும் தூக்கிக் குடுக்க விடாதே. தெசெக்?

— ஒண்ணுமில்லை மாமா. எதையோ சொல்லணும்னு வந்தேன். மறந்துபோச்சு.

— நினைவு வந்தா சொல்லு, அவசரமில்லை. முகம் இப்படி வாடிக் கிடக்குதே, சாப்பிட்டியா?

— தெசெக், இங்கே பாருடா. ஒரே ஒரு தடவை.

— எங்கே சாப்பிடறது மாமா? வீட்டுல ஆக்கிப் போட யாரு இருக்கா, அப்பாவும் நானும் மட்டும்தானே.